காட்டுச் சேவல் என்றார்கள், மூக்கில் ஓட்டை இருந்தது

நாங்கள் போன வேட்டை லாட்ஜுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதில் ஒன்றரை நாய்களுக்கு. மீதி அரை, காலையில் முட்டையும் சாசேஜும் சுடச்சுடப் போட்ட சமையல்கார அம்மாவுக்கு. பறவைக்கு எதுவும் போடவில்லை. லாட்ஜின் பெயரை எழுதவில்லை. அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் ரெட்ஃபீல்ட் என்ற ஊரைச் சுற்றி ஃபெசன்ட் (கோழி இனத்தைச் சேர்ந்த நீள வால் பறவை) வேட்டைக்கு ஆள் கூட்டிப்போகும் இடங்கள் ஏராளம். பாதிப் பேர் ஒரே விளம்பரத்தை ஒரே வார்த்தைகளில் போடுகிறார்கள். எந்த லாட்ஜாக இருந்தாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் கணக்கு. 2019 பருவத்தின் தொடக்க வார இறுதி, அதாவது அக்டோபர் 19, 20. இரண்டு நாள் வேட்டை, தங்கல், சாப்பாடு, வழிகாட்டி, நாய்கள், சுட்டதைச் சுத்தம் செய்து உறைய வைத்துப் பொட்டலம் போட்டுத் தருவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,400 டாலர். துப்பாக்கியும் தோட்டாவும் நம்முடையவை. வெளிமாநிலத்தாருக்கான பறவை, சிறு விலங்கு வேட்டை உரிமம் தனியாக, அப்போது 121 டாலர். அதை வைத்து ஐந்து ஐந்து நாளாக இரண்டு தவணை வேட்டையாடலாம். என்னோடு வேலை பார்க்கும் மதுரைக்காரத் தம்பி ஒருவனும் வந்தான். மினியாபொலிஸ் புறநகரில் 212ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் மான்டிவிடியோ, வாட்டர்டவுன் வழியாக அதுவே ரெட்ஃபீல்டில் கொண்டுபோய் விட்டுவிடும். திரும்ப வேண்டிய இடமே கிடையாது.

விளம்பரம் சொன்னது மூன்று விஷயம்: ஏராளமான பறவைகள், எல்லாம் காட்டுப் பறவைகள், எல்லாம் எங்கள் சொந்த நிலம். மூன்றாவது உண்மை.

பதிவு செய்யும்போதே ஒரு சந்தேகம் இருந்தது. அங்கே மாநில வேட்டைத் துறை 2019 வரை ஆண்டுதோறும் ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் பாதி வரை ஃபெசன்ட்களை எண்ணிவந்தது. 30 மைல் நீளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாதைகள். விடிந்த கையோடு வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே எண்ணினார்கள். பனி நன்றாக இறங்கிய காலைகளில் புல்லுக்குள் நனைந்த பெட்டைகள் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு சரளைச் சாலைக்கு வந்து வெயிலில் காயும். அதனால்தான் அந்த நேரம். 2019இல் மைலுக்கு 2.04 பறவை. 2018இல் 2.47. அதாவது 17 சதவீதம் சரிவு. 2017இல் வறட்சி வந்தபோது ஒரே ஆண்டில் 45 சதவீதம் விழுந்து, 2018இல்தான் கொஞ்சம் தலை தூக்கியிருந்தது. இதைத் தொலைபேசியில் லாட்ஜ் உரிமையாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் சாலையில் எண்ணுவது. என் நிலத்துக்குள் வந்து யாரும் எண்ணவில்லையே" என்றார். பதில் கச்சிதமாக இருந்தது. பணம் கட்டினேன்.

சவுத் டகோட்டாவில் பருவத்தின் முதல் வாரம் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு முன் ஃபெசன்ட் சுடக்கூடாது என்று அப்போது விதி இருந்தது. எனவே சனிக்கிழமை காலை காலாற நடந்து ஊரைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தோம். ஒன்பது மணிக்கே ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறச் சொன்னார்கள். போகும் வழியில்தான் விஷயம் தெரிந்தது. நிலத்தின் ஒரு பகுதிக்கு 'ஷூட்டிங் பிரிசர்வ்' உரிமம் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்த உரிமம் உள்ள இடத்தில் செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சுடலாம், நண்பகல் விதியும் கிடையாது. பண்ணையில் வளர்த்த பறவைகளை வாங்கி விடுவதற்கென்றே உள்ள ஏற்பாடு அது. சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. விளம்பரப்படிதான் தவறு.

சோளத் தட்டைக்கு நடுவே வரிசையாக நடந்தோம். மொத்தம் பதினான்கு பேர். பாதிப் பேர் விரட்டிக்கொண்டு போக, மறு பாதி எதிர் முனையில் மறித்து நிற்பார்கள். கறுப்பு லேப்ரடார் மூக்கைத் தரையில் வைத்தபடி வளைந்து வளைந்து போய், என் காலுக்கு நாலடி தூரத்தில் நின்று வாலை ஆட்டியது. சேவல் எழவில்லை. நாய் முகத்தால் தள்ளிய பிறகுதான், கோழிக்கடைக்காரர் கூண்டைத் திறந்துவிட்ட மாதிரி, நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு எழுந்தது. தலை உயரத்துக்கு மேல் போகவில்லை. தாழப் பறக்கும் பறவையைச் சுடக்கூடாது, நாய் மேல் படும். தம்பி துப்பாக்கியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணே, இது பறக்கவே யோசிக்குதே" என்றான்.

ஒரு மணி நேரத்தில் வரிசைக்கு முப்பது பறவை விழுந்தது. டெக்சாஸிலிருந்து வந்திருந்தவர்கள் கைதட்டிக்கொண்டார்கள். அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

சுத்தம் செய்யும் கொட்டகைக்குப் போய் ஒரு சேவலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கழுத்தில் வெள்ளை வளையம், செம்புநிற மார்பு, சிவந்த கன்னம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வால் சரியில்லை. நீளமாக, பட்டை பட்டையாக இறங்க வேண்டிய வால் இறகு பாதியில் உடைந்து, நுனி துடைப்பம் போலத் தேய்ந்திருந்தது. அலகை உயர்த்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். ஒரு மூக்குத் துவாரத்தின் வழியாக மறுபக்க வெளிச்சம் தெரிந்தது. பண்ணைகளில் நெருக்கி அடைத்து வளர்க்கும்போது ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க, நேராகப் பார்க்க முடியாதபடி கண்ணுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் மறைப்பை மாட்டுவார்கள். அதை நிறுத்தும் ஊசி மூக்குச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். வெளியே விடும்போது மறைப்பைக் கழற்றினாலும் ஓட்டை அப்படியே இருக்கும். மேசையில் கிடந்ததில் கைக்கு வந்த ஏழெட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓட்டை. தம்பி ஒன்றின் இரைப்பையைக் கீறினான். உள்ளே உருண்டைத் தீவனம்.

பன்னிரண்டு மணிக்கு மேல் நிஜமான நிலத்துக்குப் போனோம். அங்கேதான் இந்தப் பருவத்தின் நிலவரம் தெரிந்தது. மக்காச்சோளம் அறுக்கப்படாமல் அப்படியே நின்றது. மார்ச்சில் தொடங்கிய வெள்ளம், செப்டம்பரில் மறுபடி மழை, ஜேம்ஸ் ஆறு மாதக்கணக்கில் கரைக்குள் அடங்கவில்லை. இந்த மாநிலத்தில் மட்டும் 2019இல் விதைக்கவே முடியாமல் விட்ட நிலம் கிட்டத்தட்ட 40 லட்சம் ஏக்கர். நாட்டிலேயே அதுதான் அதிகம். விதைத்தவர்களும் ஈரத்தில் இயந்திரத்தை இறக்க முடியாமல் காத்திருந்தார்கள். பயிர் நிற்கும் வரை சேவல் அதற்குள்தான் இருக்கும். நாம் பக்கத்துப் புல்லில் நடந்து சாக வேண்டியதுதான். நடந்தோம். பெட்டைகள் எழுந்தன, "பெட்டை, பெட்டை" என்று கத்திக்கொண்டே போனோம் (சேவலை மட்டும்தான் சுடலாம், நாளொன்றுக்கு ஆளுக்கு மூன்று). சேவல்கள் வரிசையின் கடைசிக் கோடியில், துப்பாக்கி எட்டாத தூரத்தில் எழுந்து காற்றோடு போயின. அது வேறு பறவை என்பது பார்த்த உடனே தெரியும். எழும்போதே கூச்சல், செங்குத்தாக ஏற்றம், அப்புறம் திரும்பிப் பார்க்காத ஓட்டம். பதினான்கு பேருக்கும் சேர்த்து அந்த மத்தியானம் நாலு சேவல்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உரிமையாளரிடம் மூக்கு ஓட்டையைப் பற்றிக் கேட்டேன். மனிதர் மழுப்பவில்லை. அதற்கு வேண்டுமானால் கால் நட்சத்திரம் கூட்டிக்கொள்ளுங்கள். "பறவை இல்லாத வருஷத்தில் நான் என்ன செய்ய? வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த வருஷம் வருவீர்களா?" என்றார். வருவேன், ஆனால் காட்டுப் பறவை என்று எழுதியதை எடுத்துவிடுங்கள் என்றேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே பேச்சை நிலத்தின் பக்கம் திருப்பினார். வீட்டுக்குப் பின்னால் 160 ஏக்கர், அவர் அப்பா காலத்திலிருந்து புல்லாகக் கிடந்ததாம். மத்திய அரசின் சிஆர்பி திட்டத்தில் இருந்தது. 1985இல் வந்த திட்டம் அது. 10 அல்லது 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, பயிர் வைக்காமல் புல்லை வளர்த்தால் அரசு ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகை தரும். ஒப்பந்தம் முடிந்தபோது மக்காச்சோளம் புஷல் (அங்கத்திய தானிய அளவு) ஏழு டாலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. உழுதுவிட்டார். "நீங்களாக இருந்தால் உழாமல் இருப்பீர்களா?" என்றும் கேட்டார்.

அந்த 160 ஏக்கர்தான் மொத்தக் கதையும். பெட்டை தரையில் கூடு கட்டி ஒரு டஜன் போல முட்டையிடும், 23 நாள் அடைகாக்கும். ஜூன் நடுவில் குஞ்சு பொரிக்கும்போது சுற்றிலும் உயர்ந்த புல் இருக்க வேண்டும், அந்தப் புல்லில் பூச்சி இருக்க வேண்டும். குஞ்சுக்கு முதல் சில வாரம் பூச்சிதான் சாப்பாடு. குளிர் மழையில் நனைந்தால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. மழையை நாம் நிறுத்த முடியாது. மோசமான வசந்தத்துக்குப் பிறகு எண்ணிக்கை மீண்டு எழுவதற்குப் புல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2007இல் சிஆர்பி நிலம் நாடு முழுக்க 3 கோடியே 60 லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்தது. அதே ஆண்டு சவுத் டகோட்டாவில் ஃபெசன்ட் ஒரு கோடியைத் தாண்டியதாக மதிப்பிட்டார்கள், வேட்டையில் விழுந்த சேவல் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். 2014 வேளாண் சட்டம் சிஆர்பியின் உச்சவரம்பை 2 கோடியே 40 லட்சமாகக் குறைத்தது. 2017இல் வேட்டைக் கணக்கு 10 லட்சத்தைத் தொடவில்லை.

2019இல் மாநில அரசு வேறு மருந்து கொடுத்துப் பார்த்தது. முட்டை தின்னும் ரக்கூன், ஸ்கங்க், செந்நரி, பேட்ஜர், ஒப்பாசம் இவற்றின் வாலைக் கொண்டுவந்தால் வாலுக்கு 10 டாலர். 50,000 வாலுக்கு மேல் வந்தது. ஃபெசன்ட் எண்ணிக்கை இறங்கித்தான் இருந்தது. ஒரு ஆண்டை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பார்கள், கட்டவில்லை. ஆனால் ஒளிய இடமில்லாத கூட்டை ரக்கூன் கண்டுபிடிக்காவிட்டால் மழை கண்டுபிடிக்கும். அந்தப் பணத்தில் எத்தனை ஏக்கர் புல்லுக்கு வாடகை கொடுத்திருக்கலாம் என்றுதான் எனக்கு ஓடுகிறது.

இனி அந்த ஒன்றரை நட்சத்திரம். லேப்ரடாரைக் கொண்டுவந்த பையன் கல்லூரி மாணவன், வார இறுதியில் லாட்ஜுக்கு வேலை செய்கிறான், நாய் அவனுடையது. ஞாயிறு காலை மறுபடியும் பிரிசர்வ் என்றதும் நானும் தம்பியும் வரவில்லை என்று சொல்லிவிட்டோம். மதியம் அவனுக்கு வேலை முடிந்ததும், "பொது நிலத்துக்கு வருகிறீர்களா, நான் எப்படியும் போகிறேன்" என்று கேட்டான். லாட்ஜுக்குக் கொடுத்த 1,400இல் இது சேராது.

பொது நிலம் அங்கே பல வகை. விவசாயியிடம் மாநிலம் குத்தகைக்கு எடுத்து, நடந்து போய் வேட்டையாட யாருக்கும் திறந்துவிடும் இடங்கள் உண்டு. ஜேம்ஸ் ஆற்றுப் படுகையில் தனி ஒப்பந்தத்தில் புல்லாக மாற்றிய நிலங்கள் உண்டு. நாங்கள் போனது நீர்ப்பறவைகளுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் நிலம். அங்கே ஈயத் தோட்டா கூடாது, நாங்கள் எஃகு வைத்திருந்தோம். இடுப்புவரை புல், நடுவில் சம்பங்கோரை மண்டிய சதுப்பு, ஓரத்தில் நிற்கும் மக்காச்சோளம். பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது. இரண்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை, தூரத்தில் பெட்டைகள் மட்டும். நாய் அலுக்கவில்லை. கோரையின் விளிம்பில் சட்டென்று திரும்பி, நேர்கோட்டில் ஓட ஆரம்பித்தது. சேவல் தரையில் ஓடுகிறது என்று அர்த்தம். பையன் "ஓடுங்கள்" என்று கத்தினான். அறுபது கஜம் ஓடி, கோரை முடிந்து திறந்தவெளி வந்த இடத்தில் எழுந்தது. தம்பி சுட்டான். சிறகு ஒடிந்து விழுந்த சேவல் மறுபடியும் எழுந்து கோரைக்குள் ஓடிவிட்டது. நாய் உள்ளே போயிற்று. தண்ணீர் சலசலக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது, வெகுநேரம். பையன் கூப்பிடவில்லை, விசில் அடிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கடைசியில் நாய் மூக்கெல்லாம் சேறாக, சேவலைக் கவ்விக்கொண்டு வந்து தம்பியைத் தாண்டிப் போய்ப் பையன் கையில் கொடுத்தது.

சேவலின் காலில் இருந்த முள் முக்கால் அங்குலத்துக்குக் குறையாது, கறுத்து, நுனி கூராக இருந்தது. இந்தக் கோடையில் பிறந்த சேவலுக்கு முள் மழுங்கலாக, சின்னதாக இருக்கும். இது போன ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ பிறந்தது. நல்ல ஆண்டில் விழுவதில் பெரும்பாலானவை அந்த ஆண்டுக் குஞ்சுகளாகத்தான் இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் விழுந்த நாலில் மூன்றும் கிழடுகள்தான் என்று பையன் சொன்னான். மைலுக்கு 2.04 என்பதைக் காலில் பார்த்த மாதிரி ஆயிற்று. இரைப்பையில் மக்காச்சோள மணிகள், களை விதை, இரண்டு வெட்டுக்கிளி.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு வரி: பண்ணைப் பறவையின் கறி மெத்தென்று இருக்கும், ஆனால் ருசி பிராய்லருக்குப் பக்கத்தில். காட்டுச் சேவலின் தொடையைக் குக்கரில் வேகவைத்து மிளகு போட்டு வறுத்தோம். ஒரு பறவைக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை. எஃகுக் குண்டு மாட்டினால் பல் போய்விடும், விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சமையுங்கள்.

லாட்ஜுக்குப் போகத்தான் போகிறீர்கள் என்றால் தொலைபேசியில் சிலவற்றை நேராகக் கேளுங்கள். பிரிசர்வ் உரிமம் இருக்கிறதா, அதில் எத்தனை ஏக்கர், எந்த நாள் எந்த நிலத்தில் நடப்போம்? பறவை வெளியில் வாங்கி விடுகிறீர்களா, எப்போது விடுகிறீர்கள்? கூடு கட்டும் புல் எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்பவரிடம் பணம் கட்டலாம். "பறவைக்குக் கவலை வேண்டாம்" என்று மட்டும் சொல்பவர் ட்ரெய்லரில் கொண்டுவரப் போகிறார். பண்ணைப் பறவை என்று தெரிந்தே போவதில் தவறில்லை. புதிதாகச் சுடக் கற்றுக்கொள்பவர்களுக்கும் அதிகம் நடக்க முடியாதவர்களுக்கும் அது நல்ல ஏற்பாடுதான், விலையை மட்டும் அதற்கேற்பப் பேசுங்கள். எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உங்களுக்குத் துப்பாக்கி பொதுவாகத் தடை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளாமல் நண்பனுடைய துப்பாக்கியைக்கூடத் தொடாதீர்கள்.

1919 அக்டோபர் 30 அன்று ரெட்ஃபீல்ட் இருக்கும் இதே ஸ்பிங்க் கவுண்டியில்தான் (மாவட்டம் மாதிரி) மாநிலத்தின் முதல் ஃபெசன்ட் வேட்டை நடந்தது, ஒரே ஒரு நாள். நூறாண்டு நிறைவு என்று லாட்ஜ்காரர் எல்லோருக்கும் ஒரு தொப்பி கொடுத்தார். தொப்பி நன்றாகத்தான் இருக்கிறது, நட்சத்திரக் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் உரிமத்தில் இரண்டாவது ஐந்து நாள் மீதம் இருந்தது, அந்தப் பருவம் 2020 ஜனவரி 5 வரை. டிசம்பரில் மக்காச்சோளம் அறுத்து முடித்து, சதுப்பு உறைந்து, கோரைக்குள் நடக்க முடிகிற நேரம் பார்த்துப் போவதென்று முடிவு செய்தோம். ரெட்ஃபீல்டில் மோட்டல் அறை, பொது நில வரைபடம், ஒரு பெட்டி எஃகுத் தோட்டா. பையனிடம் பேசினோம், நாயோடு வருகிறேன் என்றான். நாள் கூலி எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்றான்.